போபாலின் பேகங்கள்

போபால் பழைய நகரத்தின் சௌக் கடைவீதிக்குள் நுழைவோர், நெரிசலுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் ஜாமிஆ பள்ளிவாசலின் மினாராக்களைக் காணாமல் கடக்க இயலாது. அங்கிருந்து பெரிய ஏரியின் கரைக்கு இறங்கினால் கௌஹர் மஹல். 1820-ல் எழுந்த இம்மாளிகைக்கும் 1837-ல் எழுந்த அப்பள்ளிவாசலுக்கும் உரியவர் ஒருவரே. பதினெட்டு வயதில் கணவரை இழந்த குத்ஸியா பேகம்தான் அவர்.

1819-ல் அவருடைய கணவர் நவாப் நஜர் முஹம்மது கான் கைத்துப்பாக்கி வெடித்து வஃபாத்தானபோது, மகள் சிக்கந்தர் பதினைந்து மாதக் குழந்தை. அரச குடும்பத்துக் கைம்பெண்ணுக்கு அக்கால வழக்கம் அளித்தவை ஒரு மாளிகையும், உதவித்தொகையும், கணவர் பெயரோடு ஒட்டிய மரியாதையுமே. மகன் அரியணை ஏறினால் தாய்க்கு மதிப்புண்டு. அண்டையிலுள்ள குவாலியரில் வழங்கிய ‘ராஜமாதா’ என்ற பட்டமும் மகனைக் கொண்டு வருவதே. குத்ஸியாவுக்கோ மகன் இல்லை! ஆயினும் அவர் மகளின் உரிமையை அறிவித்து, அவள் பெயரால் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். கோஷாவையும் விலக்கினார்.

ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. மகளை மணப்பவரே நவாப் ஆவார் என்பது பேச்சு. அவ்வண்ணம் 1835-ல் சிக்கந்தரை மணந்த ஜஹாங்கீர் முஹம்மது கான், 1837-ல் நவாபாகி மாமியாரை ஆட்சியிலிருந்து அகற்றினார். அவர் 1844-ல் மறைந்தார், சிக்கந்தரும் கைம்பெண்ணானார். இப்போது வாரிசு அவருடைய சிறு மகள் ஷாஜஹான். முதலில் மகளுக்காக ஆண்ட சிக்கந்தர், கணவரை இழந்தவள் என்பதற்காகவோ வாரிசின் தாய் என்பதற்காகவோ தரப்படும் தகுதியில் மனநிறைவு கொள்ளவில்லை. ஆட்சி தமக்கே உரியது என்று வாதாடினார். 1860-ல் ஆங்கில அரசு அவரை ஆளும் பேகமாகவே ஏற்றது. பட்டத்தின் பொருள் மாறிய இடம் இதுவே என்று கருதுகிறேன். ‘நவாப் பேகம்’ என்றால் நவாபின் மனைவி என்பது போய், ஆள்பவர் என்றாயிற்று.

1868-ல் அரியணை ஏறிய ஷாஜஹான் பேகம், அதற்கு முந்திய ஆண்டே கணவரை இழந்தவர். 1871-ல் அவர் மார்க்க அறிஞர் சித்தீக் ஹசன் கானை மறுமணம் செய்தார். இத்தா முடிந்த பெண் மறுமணம் செய்வதை ஷரீஅத் தெளிவாக அனுமதித்திருந்தும், உயர்குடி முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் அது இழுக்காகவே எண்ணப்பட்ட காலம் அது. (இன்றும் சில ஊர்களில் அந்த எண்ணம் முற்றாக ஒழிந்ததா என்பதை வாசகர்களே அறிவர்.) இங்கு விந்தை யாதெனில், மனைவியின் நிலையால் கணவருக்கு ‘நவாப்’ பட்டம் கிட்டியது! 1885-ல் ஆங்கில அரசு அப்பட்டத்தைப் பறித்தது. பேகத்தின் பட்டமோ அசையவில்லை. 1890-ல் அவர் மீண்டும் கைம்பெண்ணானார். அவர் தொடங்கிய தாஜுல் மஸாஜித், பணம் போதாமல் நெடுங்காலம் நின்று, 1980-களில்தான் நிறைவு கண்டது. இன்று அதன் பரந்த முற்றத்தில் நின்று பார்க்கையில், முடிக்காமல் சென்றவரின் துணிவே மனத்தில் நிற்கிறது.

அவர் மகள் சுல்தான் ஜஹான் பேகம் 1901-ல் ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டே கணவர் மறைந்தார். புர்கா அணிந்தபடியே அரசை நடத்திய அவர், 1920-ல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரானார். 1926-ல் மகன் ஹமீதுல்லாஹ் கானுக்காக ஆட்சியைத் துறந்தார்.

1960-ல் ஹமீதுல்லாஹ் கான் மறைந்தார். மூத்த மகள் ஆபிதா பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டதால், இளையவர் சாஜிதா சுல்தானை 1961-ல் இந்திய அரசு போபாலின் நவாப் பேகமாக ஏற்றது. 1952-ல் கணவர் பட்டோடி நவாபை இழந்திருந்தவர் அவர். 1971-ல் அரசியல் சட்டத் திருத்தத்தால் மன்னர் பட்டங்கள் அனைத்தும் நீங்கியபோது, அவருடையதும் நீங்கிற்று.