மசகின் நிறம்

மசகு என்ற தமிழ்ச்சொல், கார் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மாட்டுவண்டியின் அச்சோடு உறவு கொண்டிருந்த சொல்லாகும். வைக்கோலைக் கரித்துப் பொடித்து விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசப்பட்ட அந்த வண்டிமசகு பிறப்பிலேயே கறுப்பாதலால், அது உழைத்து ஓய்ந்ததை நிறங்கொண்டு அறிய வழியில்லை. சக்கரம் முனகினால் மறுபடியும் பூசினார்கள். பொன்னிறமாக ஊற்றப்பட்டுக் கருமையாக வெளியேறும் எஞ்சின் ஆயில் வந்த பிறகோ நிறமே அதற்கு நீதிபதியாகிவிட்டது. கறுத்தால் கெட்டுவிட்டது என்ற முடிவும், தெளிவாக இருந்தால் இன்னும் ஓட்டலாம் என்ற முடிவும் வொர்க்‌ஷாப்புகளிலும் வீடுகளிலும் ஒருசேர நிலவுகின்றன. முன்னது பணத்தை வீணாக்குகிறது, பின்னது எஞ்சினை அழிக்கிறது.

இந்த எண்ணெயின் வேலை வழவழப்பூட்டுவது மட்டுமே என்று கருதுவது அதன் ஆற்றலைக் குறைத்து மதிப்பதாகும். 1880களில் இங்கிலாந்தில் ரயில் அச்சுகளைத் தாங்கும் பேரிங்குகளை ஆராய்ந்த பூச்சாம்ப் டவர், எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்புறத்தில் துளையிட்டபோது, அச்சு சுழலச் சுழல எண்ணெய் அத்துளை வழியே மேலெழுந்து வழிவதைக் கண்டார். தக்கையாலும் மரமுளையாலும் அடைத்துப் பார்த்தும் அவற்றை எண்ணெய் வெளியே தள்ளியது. சுழலும் அச்சு, ஆப்புப்போல் ஒடுங்கிச் செல்லும் இடைவெளிக்குள் எண்ணெயை இழுத்துச் சென்று அங்கே பேரழுத்தத்தை உண்டாக்குகிறது என்பதை ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1886இல் கணிதவழி விளக்கினார். கார் எஞ்சினின் கிராங்க் தண்டும் இவ்வாறே, தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்கிறது. ஆயில் பம்ப் எண்ணெயைக் கொண்டுசேர்க்கிறது. சுமையை ஏந்தும் அழுத்தம் சுழற்சியால்தான் பிறக்கிறது. ஆகவே நின்றிருந்த எஞ்சினுக்கு, ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளே மிக இடரான நேரமாகும். அப்போது ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடும் பழக்கத்தைப் போன்ற கொடுமை அதற்கு வேறில்லை.

படலத்தின் தடிமனைப் பெரிதும் முடிவு செய்வது பாகுத்தன்மை, அதாவது ஒரு நீர்மம் ஓடும்போது தன்னுள் காட்டும் தடை. வெல்லப்பாகு சூட்டில் இளகி ஆறும்போது இறுகுவதுபோலவே ஆயிலும் நடந்துகொள்கிறது. டப்பாவில் காணப்படும் 5டபிள்யூ-30 என்ற குறியீட்டில், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் சொல்கின்றன. நம் ஊர் வெயிலுக்குத் தடித்த ஆயிலே ஏற்றது என்ற அறிவுரை இங்கே அடிக்கடி கேட்கப்படுகிறது. ஆனால் எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்டின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் என்னும் வால்வு ஏறத்தாழ 90 டிகிரியில் நிலைநிறுத்துவதால், நன்கு சூடேறிய எஞ்சினின் உட்புறம் சென்னைக்கும் ஊட்டிக்கும் பெரிய வேறுபாடு காட்டுவதில்லை. மெல்லிய எண்ணெயை நம்பி, நுண்ணிய வழிகளோடு வடிவமைக்கப்பட்ட இன்றைய எஞ்சினில் தடித்ததை ஊற்றுவது, மூச்சுக்குழலில் துணியைச் செருகுவதற்கு ஒப்பாகும். கார் கையேட்டில் அச்சிட்டிருக்கும் கிரேடு, அந்த எஞ்சினை வடிவமைத்தவர்களின் சொல். அதைவிட உயர்ந்த சான்று வேறில்லை.

இனி, நிறம். ஆயிலில் அடிப்படை எண்ணெயோடு பல வேதிப்பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் சில உலோகத்தில் படியும் அழுக்கைக் கழுவி, எரிதலில் பிறக்கும் அமிலத்தைச் சமன் செய்கின்றன; வேறு சில, புகைக்கரித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாதபடி தனித்தனியே சூழ்ந்து எண்ணெயிலேயே மிதக்கவிடுகின்றன. கரி மிதந்தால் ஆயில் கறுக்கத்தானே செய்யும்? டீசல் காரில் புதிய ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடுவது, அது அழுக்கை உலோகத்தில் படியவிடாமல் தான் சுமந்துகொண்டதற்கு அடையாளம். பழிக்கப்படும் அக்கருமை, உண்மையில் அதன் உழைப்பின் நிறம்.

தீர்ந்துபோவதோ கண்ணுக்குத் தெரியாதது. அமிலத்தைச் சமன் செய்யும் ஆற்றல் கரைந்துபோனதையும், வெப்பத்தால் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்ததையும் விரல்நுனியில் தேய்த்துப் பார்த்து எவராலும் கூற இயலாது. குறைவாக ஓடும் கார் பாதுகாப்பானது என்ற எண்ணமும் பிழையே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலோடு கலக்கிறது. நீண்ட பயணத்தில் சூடேறும் எண்ணெயிலிருந்து அது ஆவியாகிப் போய்விடும். கடைத்தெரு வரை மட்டும் சென்று திரும்பும் காரிலோ உள்ளேயே தங்கிச் சேறுபோன்ற படிவுக்கு வித்திடும். 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மாற்றுக எனப் பல கையேடுகள் காலத்தையும் சேர்த்துச் சொல்வதற்கு இத்தகைய காரணங்களே அடிப்படை.

உரிமையாளர் தம் கையாலேயே அறியக்கூடியது ஆயிலின் அளவு. சமதளத்தில் கார் நின்று எஞ்சின் ஆறிய பின் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தால், இரண்டு குறிகளுக்கு இடையே எண்ணெய் நிற்க வேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே இறங்கினால் பம்ப் காற்றை உறிஞ்ச நேரலாம். மேற்குறியைத் தாண்டினால் சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயை அடித்து நுரைக்கச் செய்யலாம். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் அதை மகிழ்ச்சிக்குரியதாகக் கொள்ளலாகாது: கரித்துகளைப் பிடித்துவைத்து அவ்வப்போது எரிக்கும் வடிகட்டி பொருத்திய டீசல் கார்களில், அந்த எரிப்பு பாதியில் நின்றுபோகும்போது டீசலானது எஞ்சின் ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. மோர்போல் வெளுத்த ஆயில் நீர் அல்லது கூலண்ட் கலந்ததைக் காட்டும்; நிறத்திற்கு அஞ்ச வேண்டிய இடம் கறுப்பைவிட இந்த வெளுப்பே.

மாற்றும்போது வடிக்கப்படும் மூன்று நான்கு லிட்டர் கறுப்பு, எஞ்சினின் தேய்மான உலோகத்தையும் கரியையும் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. அதைச் சாக்கடையில் கொட்டினால் அத்தனையும் நீரில் சேரும். மறுசுத்திகரிப்புக்கு அனுப்பினால் அடிப்படை எண்ணெயாகத் திரும்பப் பெறலாம். இந்தியாவில் 2024 ஏப்ரல் 1 முதல், பயன்படுத்திய எண்ணெயின் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளர்களையும் இறக்குமதியாளர்களையும் பொறுப்பாக்கும் விதிகள் நடைமுறையில் உள்ளன. அடுத்த முறை ஆயில் மாற்றக் காரை விடும் வாசகர்கள், புதிய ஆயிலின் கிரேடைக் கேட்பதோடு, பழைய ஆயில் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும்.