காப்பியா, கற்றுக்கொண்டதா?



"பொன்னியின் செல்வன் படம் பாகுபலியைப் பார்த்து அடிச்ச காப்பி." இப்படிச் சொல்லாத ஆள் கிடையாது. உண்மைதானா? கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பார்ப்போம் நண்பர்களே.

முதலில் தேதிகள். ராஜமௌலியின் 'பாகுபலி' முதல் பாகம் 2015 ஜூலை 10-ல் வந்தது. இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28. மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30. இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28. இரண்டாம் பாகம் ரெண்டும் ஒரே ஏப்ரல் 28! இதைப் பார்த்தாலே சிலருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மணிரத்னம் எதையும் மறைக்கவில்லை. படம் வெளிவந்த சமயத்தில் மேடையிலேயே ராஜமௌலிக்கு நன்றி சொன்னார். பாகுபலிதான் வழி திறந்து விட்டது என்றார். என்ன வழி? கல்கி எழுதிய கதை ஐந்து பாகம். அதை 1958-லேயே எம்.ஜி.ஆர். படமாக்க நினைத்தார், நடக்கவில்லை. மணிரத்னமும் முன்பே முயற்சி செய்தார், அதுவும் நடக்கவில்லை. மூன்று மணி நேரத்தில் ஐந்து பாகத்தை எப்படி அடைப்பது? அவ்வளவு பணத்தை யார் போடுவார்கள்? கதையைப் பாதியில் நிறுத்தினாலும் ஜனங்க காத்திருந்து மறுபடியும் தியேட்டருக்கு வருவாங்க என்று நிரூபித்தது பாகுபலி. "கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார்?" என்று நாடே இரண்டு வருஷம் கேட்டதே! பொன்னியின் செல்வன் முதல் பாகமும் அப்படித்தான் முடிகிறது. கடலுக்குள்ளே நந்தினி முகத்தோடு ஒரு வயதான அம்மா வருகிறார். யார் அவர்? தொடரும்...

எங்க அம்மம்மா ஊர் நகரி. தமிழ் பேசுவாங்க, படிக்கத் தெரியாது. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது முதல் பாகம் பார்த்துட்டு வந்தவங்க, "ஆ ஆவிட எவரு ரா?" (அந்தம்மா யாருடா?) என்று என்னைத் தூங்கவிடவில்லை. அவங்களுக்காகவே நூலகத்தில் கல்கியின் புத்தகத்தை எடுத்தேன். தினமும் ராத்திரி தமிழில் படித்து, தெலுங்கில் சொன்னேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. கல்கி ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்துகிறார். 1950-ல் இருந்து 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் வந்த தொடர்கதை அல்லவா! பாதியில் நிறுத்திக் காத்திருக்க வைக்கிற வித்தை நம்ம வாரப் பத்திரிகைகளுக்குப் பழசு. அதை சினிமாவில் செய்யலாம் என்ற தைரியம்தான் ராஜமௌலியிடமிருந்து வந்தது.

ராஜமௌலியும் வானத்தில் இருந்து குதிக்கவில்லை. தனக்குப் பிடித்த படமாக அவர் சொல்வது 1957-ல் வந்த 'மாயாபஜார்'. தமிழிலும் தெலுங்கிலும் நம்ம சென்னையில் எடுத்த படம். பாகுபலியும் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுத்ததுதான். கட்டப்பா யார்? நம்ம சத்யராஜ். தமிழ் வசனம் மதன் கார்க்கி. இதில் எது அவங்களோடது, எது நம்மளோடது?

ஆனா படம் எடுத்த விதம் வேற வேற. பாகுபலியில் கேமரா எப்பவும் ஹீரோவை அண்ணாந்து பார்க்கும். சிவலிங்கத்தைத் தோளில் தூக்குவார், பனைமரத்தை வளைத்து வீரர்களோடு கோட்டைக்குள் பறப்பார். மணிரத்னம் அதைத் தொடவே இல்லை. நந்தினியும் ஆதித்த கரிகாலனும் சந்திக்கிற இடத்தில் போர் கிடையாது, படை கிடையாது. இருட்டில் இரண்டு பேர் பேசுகிறார்கள். நமக்கு நெஞ்சு அடிச்சுக்குது! காப்பி அடிப்பவன் விடையை அப்படியே எழுதுவான். கற்றுக்கொள்பவன் வழிமுறையை மட்டும் எடுத்துக்கொண்டு தன் கணக்கைத் தானே போடுவான். கணக்கு சார் சொல்வதும் இதைத்தானே?

இதை ஏன் சுவரில் எழுதி ஒட்டுகிறேன் தெரியுமா? இந்தச் சண்டையில் நம்ம வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்த இரண்டு பேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவனைப் பார்த்து "நீ அந்தப் பக்கம்" என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. திருத்தணியே 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. நம்ம பக்கத்தில் கோடு போட்டு வீட்டைப் பிரிக்க முடியுமா?

கடைசியாக ஒன்று. பாகுபலி, சிம்மாசனத்தை ஜெயிப்பதில் முடிகிறது. பொன்னியின் செல்வன், சிம்மாசனத்தை விட்டுக்கொடுப்பதில் முடிகிறது. அது வெறும் கற்பனை இல்லை. ஆதித்த கரிகாலன் இறந்த பிறகு மக்கள் வற்புறுத்தியும், சித்தப்பா முறையான மதுராந்தகருக்கு ஆசை இருக்கிறது என்று அருள்மொழி அரசை ஏற்கவில்லை. இதைச் சொல்வது ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு. திருவாலங்காடு எங்கே இருக்கிறது? மணவூரில் அரக்கோணம் லோக்கல் ஏறினால் அடுத்த ஸ்டேஷன்!

பின்னால் ராஜராஜன் ஆனவரே ஒரு ராஜ்ஜியத்தை விட்டுக்கொடுத்தார். நாம ஒரு வாக்குவாதத்தை விட்டுக்கொடுக்கக் கூடாதா?



– பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு