குரங்குக் காய்ச்சல் பிறந்த காடு

கர்நாடகத்தில், சிவமொக்கா ஜில்லாவிலுள்ள க்யாசனூர் காட்டைப் பார்த்தால், "அடடா, என்ன பசுமை!" என்பீர்கள். 1957-இல் இங்கே குரங்குகள் செத்து விழுந்தன. ஊராருக்கும் காய்ச்சல் கண்டது. காரணம், கடுகத்தனை உண்ணிதான்!

செத்த குரங்கை விட்டிறங்கிச் சருகில் காத்திருக்கும் உண்ணி, சுள்ளி பொறுக்க வரும் பெண்களைக் கடிக்கிறது. சில நாளில் கடுஞ்சுரம், மண்டையிடி, உடம்புவலி. சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம். 'அப்பாடா, சுரம் விட்டது' என்றிருக்கையில், சிலருக்குத் திரும்பவும் வந்து மூளையைத் தாக்கும். கை நடுங்கும், புத்தி தடுமாறும்.

ஆனால், நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே, பயப்படாமல் பக்கத்திலிருந்து கவனிக்கலாம். காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் மட்டும் கிட்டே போகாதீர்கள். உடனே சுகாதார அதிகாரிக்குச் சொல்லுங்கள். மனிதருக்கு அது முன்னெச்சரிக்கை அல்லவா?