பங்குக்கு வந்த பறவை

மகளின் பட்டமளிப்பு விழா முடிந்த மறுநாள் எடின்பரோவில் ரயில் ஏறினோம். சுமார் மூன்று மணி நேரத்தில் ஏவிமோர் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம்ஸ் மலையடிவாரத்தில், ஸ்பே ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். "கோட்டை பார்த்து உங்களுக்கு அலுத்துப்போச்சுப்பா, மீன் பிடிக்கப் போவோம்" என்று மகள்தான் ஏற்பாடு செய்திருந்தாள். கம்பாரில் வளர்ந்தவன் நான். பழைய ஈயக் குட்டைகளில் தூண்டில் போட்டே பள்ளி விடுமுறைகளைக் கழித்தவன். வேண்டாம் என்பேனா?

ஆனால் டிரவுட் மீனிடம் நம்மூர் வித்தை செல்லவில்லை. நாங்கள் போன ஏரியில் மண்புழுவுக்கு அனுமதி இல்லை. இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிப் பூச்சிபோலச் செய்திருக்கிறார்கள். அதைத்தான் கட்ட வேண்டும். அந்தப் பூச்சிக்கு எடையே கிடையாது என்பதால் தடித்த தூண்டில் கயிற்றின் கனத்தை வைத்துத்தான் வீச முடியும். பின்னால் ஒரு வீச்சு, கயிறு முழுதாக நீளும்வரை ஒரு கணம் பொறுமை, பிறகு முன்னால். அந்தப் பொறுமைதான் எனக்கு வரவில்லை. முதல் அரை மணி நேரத்தில் என் தொப்பியை இரண்டு முறை பிடித்தேன். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சிரிக்காமல் கொக்கியைக் கழற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

காலை ஒன்பது மணி இருக்கும். "அப்பா, மேலே பாருங்க" என்றாள் மகள்.

வெள்ளை வயிறு, பழுப்பு முதுகு, கண்ணை மறைத்துக் கட்டியதுபோல ஒரு கறுப்புப் பட்டை. பறவை ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. அடுத்த நொடி கல் விழுவதுபோல விழுந்தது. தண்ணீரைத் தொடும்போது கால்களை முன்னால் நீட்டிக்கொண்டது. என் தூண்டிலுக்கு இருபதடிதான் இருக்கும். பறவை முழுதும் நீருக்குள் போய்விட்டது. மூழ்கிப் போயிற்றோ என்று நினைத்த நேரத்தில், இறக்கைகளைப் பாடுபட்டு அடித்துக்கொண்டு எழுந்தது, காலில் ஒரு டிரவுட்டோடு. பறந்துகொண்டே நனைந்த நாய்போல உடம்பை உதறியது. மீனின் தலை முன்பக்கம் வரும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு பைன் மரங்களுக்கு மேலே போய்விட்டது. காற்று எதிர்க்காமல் இருக்க அப்படிப் பிடிக்குமாம்.

ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே. தமிழில் அதற்கு விராலடிப்பான் என்று பெயர். விரால் தெரியுமல்லவா, நாம் ஹருவான் என்று சந்தையில் கேட்டு வாங்கி, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு சூப் வைத்துக் கொடுப்போமே, அதுதான். பெயர் வைத்தவர் விராலைப் பறிகொடுத்த மீனவராகத்தான் இருக்க வேண்டும். வழுக்கும் மீனை எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டேன். வெளிவிரலைப் பின்பக்கமாகத் திருப்பி, முன்னால் இரண்டு பின்னால் இரண்டாகக் கவ்வும், பாதத்தின் அடியில் முள்முள்ளாக இருக்கும் என்று பெரியவர் தன் கைவிரல்களை மடக்கிக் காட்டினார்.

அந்தப் பகுதியில் இந்தப் பறவைக்கு ஒரு பெரிய கதையே இருக்கிறது. பக்கத்தில் லாக் அன் எலன் என்ற ஏரியின் நடுவே ஓர் இடிந்த கோட்டை. அதன் சுவரில் விராலடிப்பான் கூடு கட்டி வந்தது. முட்டை சேகரிப்பதை கௌரவமாக நினைத்த காலம் அது. ஏரியில் நீந்திப்போய்த் திருடினார்கள். மீனுக்குப் போட்டி என்று சுட்டார்கள். 1916 வாக்கில் ஸ்காட்லாந்தில் கூடு கட்டும் ஜோடி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்கிறார்கள். 1954இல் ஒரு ஜோடி தானாக வந்து லாக் கார்ட்டன் ஏரிப்பக்கம் கூடு கட்டியது. இரவும் பகலும் காவல் போட்டும் 1958இல் ஒருவன் இருட்டில் மரமேறி முட்டைகளைக் கவர்ந்தான். கோழிமுட்டைக்குச் சப்பாத்து பாலிஷ் பூசிக் கூட்டில் வைத்துவிட்டுப் போனானாம்! மறு ஆண்டு, மறைத்து வைத்தது போதும் என்று பொதுமக்களையே அழைத்துக் கூட்டைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். இன்று ஸ்காட்லாந்தில் 200 ஜோடிகளுக்கு மேல் இருக்கின்றன. குளிருக்கு மேற்கு ஆப்பிரிக்கா போய்விட்டு வசந்தத்தில் திரும்புகின்றன.

"இந்த மீன் காசு கொடுத்து வாங்கி விட்டதுதானே, உங்களுக்கு நஷ்டமில்லையா?" என்று கேட்டேன். நஷ்டம்தான் என்றார். ஆனால் தூண்டில்காரர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றார்.

அதன் பிறகு எனக்குத் தூண்டிலில் மனம் நிற்கவில்லை. கம்பாரில் அப்பா ஒரு குட்டையைக் குத்தகைக்கு எடுத்து திலாப்பியா விட்டிருந்தார். செம்பருந்து, லங்காவியில் படகேறிப் போய்ப் பார்க்கிறோமே அதே பறவை, தினமும் வந்து குஞ்சுகளைத் தூக்கியது. அப்பா குட்டையின் குறுக்கே தங்கூஸ் கட்டினார். ஒரு காலை அதில் பருந்து சிக்கித் தொங்கியது. எனக்கு அப்போது பதினொரு வயது. கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. அப்பா அதை அறுத்து எடுத்து வாழைக்குப் பின்னால் புதைத்தார். தங்கூஸை அவிழ்க்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது.

அன்று மாலைவரை எனக்கு ஒரு மீனும் விழவில்லை. மகளுக்கு ஒன்று, முக்கால் கிலோ. இரவு விடுதியிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். இப்போது 81 வயது. நடந்ததைச் சொன்னேன்.

"அவங்க கயிறு ஒண்ணும் கட்டலையா?"

"இல்லப்பா. போனா போகுதுன்னு விட்டுட்டாங்க."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"நமக்கு அப்ப மறுபடி குஞ்சு வாங்கிவிடக் காசு இல்லடா தம்பி" என்றார். பிறகு, பேத்தியிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.