பேய்க்கு ஒரு பிளாஷ்பேக்

தமிழில் பேய்ப்படத்துக்கு இரண்டாம் பாகம் எடுத்தால் பேய் மாறிவிடும், பயந்தவர்கள் மாறமாட்டார்கள். ராகவா லாரன்ஸின் படவரிசையையே பாருங்கள். 2007-ல் ‘முனி’யில், அரசியல்வாதியை நம்பி ஏமாந்து கொல்லப்பட்ட முனியாண்டியாக ராஜ்கிரண் வந்தார். 2011-ல் ‘காஞ்சனா’வில் நிலத்தைப் பறிகொடுத்த திருநங்கையாகச் சரத்குமார். 2015-ல் ‘காஞ்சனா 2’ படத்தில் மாற்றுத்திறனாளிப் பெண் கங்காவாக நித்யா மேனன். 2019-ல் காளி. ஒவ்வொரு பாகத்திலும் செத்தவர் வேறு, சாவுக்குக் காரணம் வேறு. ஆனால் பொழுது சாய்ந்தால் வெளியே தலைகாட்டாத, ராத்திரி பாத்ரூம் போக அம்மாவைத் துணைக்கு எழுப்பும் அந்த வளர்ந்த பிள்ளை அப்படியே இருக்கிறான். கோவை சரளா நடிக்கும் அம்மாவும் அப்படியே இருக்கிறார். சுந்தர் சி 2014-ல் தொடங்கி 2016, 2021, 2024 என்று நான்கு ‘அரண்மனை’ எடுத்தார். அங்கேயும் இதே கணக்குதான்.

ஹாலிவுட்டில் இது நேர்மாறு. 1978-ல் ‘ஹாலோவீன்’ படத்தில் கத்தியோடு வந்த மைக்கேல் மையர்ஸ், 1981-ல் இரண்டாம் பாகத்திலும் அதே முகமூடியோடு வந்தான். பிறகும் வந்துகொண்டே இருந்தான். ‘எல்ம் ஸ்ட்ரீட்’ படங்களின் ஃப்ரெடி க்ரூகரும் அப்படித்தான். சாகிறவர்கள்தான் பாகத்துக்குப் பாகம் புதிது. அங்கே தீமைக்கு முடிவில்லை; அதை எரித்தாலும் சுட்டாலும் எழுந்து வரும். நம் பேய் வேலை முடிந்ததும் போய்விடும். போன பேயைத் திரும்பக் கூப்பிட நம் இயக்குநர்களுக்கு மனம் வருவதில்லை. கூப்பிட்டால் பார்ப்பவர்கள் ஒப்ப மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஏன் ஒப்ப மாட்டார்கள் என்பது எனக்கு ஜவ்வாது மலையில்தான் விளங்கியது. ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போவதுண்டு. பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடியின் பிள்ளைகள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பார்த்த படங்களையெல்லாம் சுமந்து வருவார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகு எனக்கு அவர்கள் கதை சொல்வார்கள். ஒரு நாள் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ‘அரண்மனை 2’ கதையை எடுத்தாள்.

“அந்தக்கா பேரு மாயா சார். பெரிய வீட்டுப் பொண்ணு. வேற சாதிக்காரர கட்டிக்கிச்சி. வீட்லயே கொன்னுட்டாங்க. அதான் பேயா வந்துச்சி.”

படம் அப்படித் தொடங்கவில்லை. அம்மன் சிலையைக் கும்பாபிஷேகத்துக்காகப் பெயர்த்தெடுப்பதும், அரண்மனைக்குள் ஆவி புகுவதும், பெரியவர் படுத்த படுக்கையாவதும், சூரியும் கோவை சரளாவும் அடிக்கும் கூத்தும் எல்லாம் முடிந்த பிறகுதான் மாயாவின் கதை வரும். எழுதிய ஆட்கள் பாடுபட்டு ஒளித்து வைத்ததை இந்தச் சிறுமி முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்துவிட்டாள். அவளுக்குக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

“மொதல்ல பயமா இருந்துச்சி சார். அப்பறம் பாவமா இருந்துச்சி.”

தமிழ்ப் பேய்ப்படத்தின் கதைக்கட்டு முழுவதும் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. இடைவேளை வரை பயம், இடைவேளைக்கு மேல் பாவம். முதல் பாதியில் கதவு தானாகத் திறக்கும், கொலுசுச் சத்தம் கேட்கும், வேலைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடுவார்கள். நாம் வீட்டாரின் பக்கம் நிற்போம். பிளாஷ்பேக் ஓடி முடிந்ததும் நாம் கட்சி மாறியிருப்போம். அதுவரை பேயை ஓட்ட வேண்டும் என்றிருந்த நாம், வில்லனை விட்டுவிடாதே என்று பேய்க்குச் சொல்லிக்கொண்டிருப்போம். மந்திரவாதியின் கட்டை மீறிப் பேய் வெளியே வரும்போது திரையரங்கில் கைதட்டல் கேட்பது இதனால்தான். அந்தக் கைதட்டலோடு வழக்கு தீர்ந்துவிடுகிறது. தீர்ப்பு சொன்ன வழக்கை இரண்டாம் பாகத்தில் எப்படித் திரும்ப எடுப்பது? புது வழக்கு வேண்டும். அதற்குப் புதுப் பிணம் வேண்டும்.

இந்தக் கட்டு சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. திருவாலங்காட்டுக்குப் பக்கத்திலுள்ள பழையனூரின் நீலி கதையே ஓர் இரண்டாம் பாகம்தான். முற்பிறவியில் கணவன் கையால் செத்தவள், மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி வருகிறாள். காட்டில் வைத்து அடித்துப் போட்டுவிட்டுப் போகவில்லை. கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறான் என்று ஊரார் முன்னால் நின்று முறையிடுகிறாள். எழுபது வேளாளர்கள் கேட்டு, அவளுக்குச் சாதகமாகச் சொல்லி, அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்கிறார்கள். இரவில் அவன் செத்துக் கிடக்கிறான். வாக்குக் கொடுத்த எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். பழிவாங்கத் துடிக்கும் பேய்கூடச் சபைக்கு வந்து வழக்கு வைக்கிறது! வேறு எந்தத் தேசத்துப் பேய்க்கு இந்த நடைமுறை உண்டோ தெரியவில்லை, நம் பேய்க்கு உண்டு. அதே ஆலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையார் பேய் உருவத்தை விரும்பி ஏற்று ஈசன் ஆட்டத்தைப் பாடினார் என்பதையும் சேர்த்து நினைக்கிறேன். பேய் என்றாலே தீமை என்று தமிழ் மனம் எந்தக் காலத்திலும் முடிவு கட்டவில்லை.

‘காஞ்சனா’ முடியும்போது, வேலை முடிந்த பிறகும் அந்தத் திருநங்கைப் பேய் நாயகன் ராகவாவை விட்டு முழுதாகப் போவதில்லை. அவனுக்குத் துணையாகத் தங்கிவிடுகிறாள். அநியாயமாகச் செத்தவர்களைத் தெய்வமாக்கி ஊர் எல்லையில் காவலுக்கு நிறுத்தியவர்கள் நாம். அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

இந்தப் படங்களில் மாறாமல் வரும் ஆட்களைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். பயந்தாங்கொள்ளி நாயகன், சத்தம் போடும் அம்மா, முதலில் பேயைப் பார்த்துவிடும் குழந்தை, எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத கிழவர், சரியான நேரத்தில் வந்துசேரும் சாமியார்: எல்லாரும் கூட்டுக்குடும்பத்து ஆட்கள், அல்லது அதை அண்டி வாழ்பவர்கள். கதை தொடங்குவதும் பெரும்பாலும் சொத்தில்தான். வீட்டை விற்க வருவார்கள், நிலத்தை அளக்க வருவார்கள், பரம்பரை அரண்மனையை வாங்குவார்கள். மாயா கதையைச் சொல்லிக்கொண்டிருந்த சிறுமியை இடைமறித்து ஒரு பையன் கேட்டான்: “அவ்ளோ பெரிய வீட்ல பேய் இருக்குன்னு தெரிஞ்சும் எதுக்கு சார் அங்கயே இருக்காங்க?” அந்த வீட்டின் விலை அவனுக்குத் தெரியாது. இருட்டும் அவனுக்குப் பயம் தராது. ஜவ்வாது மலையின் காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது; 1986-ல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியை நிறுவினார்கள். ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டுதான் அந்த இடத்தின் செல்வம். அதே இருட்டில் நடந்து வீடு போகும் பிள்ளைக்குக் கரடி பயம் உண்டு, மின்விளக்கு அணைந்தால் பயம் கிடையாது.

பேய் மாறாமல் வந்த இரண்டாம் பாகமும் தமிழில் உண்டு. அஜய் ஞானமுத்து 2015-ல் எடுத்த ‘டிமான்டி காலனி’யில் நான்கு நண்பர்களும் பிழைக்கவில்லை, தொடர ஆளே மிச்சமில்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்த இரண்டாம் பாகம், முதல் படத்தின் அந்த இரவுக்கே திரும்பிப் போய், அருள்நிதிக்கு ஓர் இரட்டைச் சகோதரனைக் கொடுத்து முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டது. கதைக்கட்டில் இவ்வளவு உழைத்த தொடர்ச்சி நம்மிடம் குறைவு என்பது என் கணிப்பு. இங்கே அதே பேய் திரும்ப வந்தும் யாரும் முகம் சுளிக்கவில்லை. காரணம், டிமான்டி நியாயம் கேட்டு வந்தவனில்லை. தன் சங்கிலியைக் காத்துக் கிடப்பவன். புதையல் காக்கும் பூதத்தின் வம்சம் அவன். நியாயம் கேட்கும் பேய்க்கு ஒரு நாள் வேலை முடியும். சொத்தைக் காக்கும் பேய்க்கு முடியவே முடியாது.

இந்த வரிசைப் படங்களை மட்டமென்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நகைச்சுவை பல இடங்களில் மலிவு, பெண் உடலைக் காட்டும் விதம் மோசம், சில பாகங்கள் முந்தைய பாகத்தின் நகல். எல்லாம் உண்மை. ஆனாலும் புதுப் பேய் தேட வேண்டிய கட்டாயம் ஒரு நல்லதைச் செய்தது. இந்தப் படங்கள் திருநங்கைக்கு வீட்டில் இடமில்லாமல் போவதையும், சாதி பார்த்துப் பெற்ற பெண்ணையே கொல்வதையும், குடும்பத்தோடு படம் பார்க்க வந்த கூட்டத்தின் முன்னால் வைத்து, கொலையுண்டவர் பக்கம் அழவும் வைத்தன. வேறு வகைப் படம் இதையே சொல்லியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

இப்படி வெவ்வேறு பேய்கள் வந்தும் மலை ஆட்களுக்கு அங்கே முறை வரவில்லை. காட்டுவழியில் ‘அந்தப் பக்கம் போகாதீங்க’ என்று எச்சரிப்பவர், எலும்பு மாலை போட்ட மந்திரவாதி, பந்தம் பிடித்து நிற்கும் கூட்டம். இவ்வளவுதான் மலையின் பங்கு. அவர்கள் பேயை ஓட்டித் தருவார்கள்; அவர்களுக்கென்று ஒரு சாவும் அதற்கொரு பிளாஷ்பேக்கும் கிடையாது.

ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கம் வட்டாரத்துக்கு இது பொருந்தாத வழக்கம். தமிழ்நாட்டில் எழுத்துள்ள பழைய நடுகற்கள் கூட்டமாகக் கிடைத்த வட்டாரம் அது. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்துத் தனி நூலாகவே வெளியிட்டது. பல்லவர் காலத்து அந்தக் கற்களில் எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர்த் தொறு (மாட்டு மந்தை) கவரப்பட்டது, மீட்கப் போய்ச் செத்தவன் பெயர் என்ன, யாருடைய ஆள் என்று எல்லாம் வெட்டியிருக்கும். எடுத்தனூரில் கள்ளரைக் கடித்து நின்ற ஒரு நாய்க்குக்கூடக் கல்லில் உருவமும் கோவிவன் என்ற பெயரும் உண்டு. எப்படிச் செத்தான் என்பதைச் சொல்லாமல் செத்தவனை விடக்கூடாது என்று இருந்த மண் இது.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி அந்த மாநிலக் காவல்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தவர் பலர். அவர்களில் ஜவ்வாது மலை ஆட்களும் உண்டு. தாக்க வந்ததால் சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றார்கள் மனித உரிமை அமைப்பினர். சாமையும் தேனும் புளியும் வருஷம் முழுதுக்கும் சோறு போடாத மலையிலிருந்து கூலிக்குப் போனவர்கள் பாடையில் திரும்பினார்கள். சரியாகப் பத்து நாள் கழித்து, ஏப்ரல் 17 அன்று ‘காஞ்சனா 2’ வெளியானது. அநியாயமாகச் செத்த ஒரு பெண்ணுக்காகத் தமிழ்நாடு முழுவதும் திரையரங்குகளில் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை நான் குறை சொல்லவில்லை. பிணங்களை அடக்கம் செய்த ஈரம் காயாத இன்னொரு கூட்டமும் அதில் பங்கு கேட்டுக் காத்திருந்தது என்கிறேன்.

பேய்ப்படம் எடுப்பவர்களுக்கு, முக்கியமாக அடுத்த பாகத்துக்குக் கதை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு, என் வேண்டுகோள் இதுதான். அரண்மனையை விட்டு வெளியே வாருங்கள். போளூரிலிருந்து பேருந்து ஏறினால் ஜமுனாமரத்தூர். அங்கே யாருடைய வீட்டுத் திண்ணையிலாவது உட்காருங்கள். மந்திரவாதி வேஷத்துக்கு ஆள் பார்க்காமல், செத்தவர்களைப் பற்றிக் கேளுங்கள். சொல்வார்கள், முதல் வாக்கியத்திலேயே சொல்வார்கள். அந்தப் படம் வந்தால் இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க நான் வருகிறேன்.