சீட்டுக் காசில் ஒரு துவக்கு வாங்கலாமா?

வீட்டில் களவு போனால் நகை போகும், காசு போகும், அவற்றோடு நித்திரையும் போய்விடும். நகையைத் திரும்பச் செய்விக்கலாம். போன நித்திரையைத் திரும்பக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு.

மொன்றியல் பார்க் எக்ஸ்ரென்சனில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் நான்கு தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். சென்ற தை மாதத்தில் எங்களில் ஒரு குடும்பம் கலியாண வீட்டுக்காக ரொறன்ரோ போயிருந்தவேளை, பின்கதவை நெம்பி உள்ளே புகுந்து தாலிக்கொடி ஒன்றையும் பிள்ளைகளின் காப்புகளையும் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த மாதம் மேல்மாடி வீட்டில் ஆட்கள் படுத்திருக்கும்போதே யாரோ பின்படிக்கட்டால் ஏறிவந்து கதவுப்பிடியை ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஆண்களில் மூவருக்கு இரவு வேலை. றெஸ்ரோறன்ற் பூட்டி வீடு வர விடியற்புறம் இரண்டு மணியாகும். அதுவரை பெண்களும் பிள்ளைகளும் ஒரு வயோதிபத் தாயும்தான் வீட்டில்.

அப்போதுதான் துவக்குக் கதை வந்தது. "நாலு குடும்பமும் சீட்டுப் போட்டு மலிவாக ஒரு சொட்கண் வாங்கி வைப்பம். ஒருக்கா வெடி கேட்டால் பிறகு ஒருத்தனும் இந்தப் பக்கம் வரான்" என்றார் எங்களில் ஒருவர். அதைச் சிரித்துத் தள்ள எங்களால் முடியவில்லை. பயந்தவர்களின் பேச்சு அது. அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆகவே ஒரு மாதம் தவணை வைத்து ஆளுக்கொரு விடயமாக விசாரிப்பது என்று தீர்மானித்தோம். இதே கதை வேறு வீடுகளிலும் நடப்பதாக அறிவதால், நாங்கள் அறிந்தவற்றை வாசகர்களுக்கும் எழுதுகிறோம்.

முதலில் எந்தத் துவக்கு என்ற கேள்வி. கைத்துப்பாக்கியைப் பற்றிப் பேசவே தேவையில்லை. 2022 ஐப்பசியில் மத்திய அரசு அதன் விற்பனையையும் கைமாற்றத்தையும் முடக்கிவிட்டது. றைபிள் ரவை வெகுதூரம் போகும். நெருக்கமான குடியிருப்புக்கு அது சரிவராது. மிஞ்சுவது சொட்கண். ஊரிலே வன்னிக் கமக்காரர் பன்றிக் காவலுக்கு வைத்திருந்த அதே இனம். இதற்கு நம்பர் சொல்லும் முறை வேடிக்கையானது. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழாயில் சரியாக அடங்குமோ அது 12 ஆம் நம்பர். இருபது உருண்டையாக வார்த்தால் 20 ஆம் நம்பர். ஆகவே நம்பர் கூடக் கூடக் குழாய் சிறுக்கும். 12 ஆம் நம்பர் தோளில் பலமாக உதைக்கும். 20 ஆம் நம்பர் கொஞ்சம் சாந்தமானது.

மலிவென்று பார்த்தால், மடித்துத் திறந்து ஒரு தோட்டா போடும் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று. கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் துவக்கு மற்றது. பம்ப் வகையில் 1950 இல் வந்த றெமிங்ரன் 870, 1961 இல் வந்த மொஸ்பேர்க் 500, அதன் மலிவுச் சகோதரமான மவரிக் 88 என்பவை பெயர்போனவை. சில நூறு டொலருக்குள் வாங்கலாம். நான்காகப் பிரித்தால் பெரிய காசில்லை. இங்கேதான் எங்கள் கூட்டத்தில் சிலருக்கு முகம் மலர்ந்தது.

ஆனால் துவக்கின் விலை கடையில் முடிவதில்லை.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கையும் வாங்க முடியாது, தோட்டாவையும் வாங்க முடியாது. அதற்கு முதலில் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் தலா 80 வீதம் எடுக்கவேண்டும். பிறகு விண்ணப்பம், புகைப்படம், எங்களை அறிந்த இருவரின் சாட்சி. முதன்முறை விண்ணப்பிப்போருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல். கியூபெக்கில் இன்னொரு படியும் உண்டு. மத்திய அரசு 2012 இல் நீண்ட துவக்குகளின் பதிவேட்டை ஒழித்தபின், இந்த மாகாணம் தனக்கென்று ஒரு பதிவேட்டை உண்டாக்கி 2018 தை மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பதிவுக்குக் காசில்லை, ஆனால் கட்டாயம். வாங்கிய துவக்கை மெத்ரோவிலோ பஸ்ஸிலோ வீட்டுக்குக் கொண்டுவரவும் முடியாது. டோசன் கல்லூரியில் 2006 புரட்டாதியில் நடந்த சூட்டுக்குப் பிறகு, அதில் இறந்த மாணவி அனஸ்ரேசியாவின் பெயரால் அறியப்படும் சட்டம் அதைத் தடைசெய்கிறது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்கள் இந்த நகரத்தின் கதையை அறியவேண்டும். 1989 மார்கழி 6 ஆம் திகதி, பொலிரெக்னிக் பொறியியற் கல்லூரியில் ஒருவன் பெண்களை வேறாகப் பிரித்து நிறுத்திச் சுட்டான். அன்று பதினான்கு பெண்கள் அவன் கையால் இறந்தார்கள். எங்களில் சிலர் அப்போதுதான் இந்நாட்டுக்கு வந்து, முதற் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். துவக்குச் சத்தத்துக்கு ஓடிவந்த இடத்திலும் துவக்கா என்று திகைத்தது ஞாபகம். 1991 இலும் 1995 இலும் வந்த கடுமையான சட்டங்களுக்கு அந்த இழப்பே பெரிய காரணம்.

எல்லாவற்றிலும் எங்களை நிறுத்தி யோசிக்கவைத்தது சீட்டு விடயந்தான். நாலு குடும்பம் சேர்ந்து சட்டி பானை வாங்கலாம், வான் வாங்கலாம், துவக்கு அப்படியல்ல. அது அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் பெயரில்தான் பதிவாகும். அவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்யாமல், அனுமதிப்பத்திரம் இல்லாத இன்னொருவர் அதைக் கையாளக்கூடாது. பதிவுகாரர் இரவு வேலைக்குப் போனால் அந்தத் துவக்கு வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு உதவாது. யாருக்குப் பயமென்று வாங்குகிறோமோ, அவர் அதைத் தொடமுடியாது!

சரி, எல்லோரும் எடுப்போம் என்று வைத்துக்கொண்டாலும், விண்ணப்பப் பத்திரத்தில் வாழ்க்கைத்துணையின் விபரமும் கையெழுத்தும் கேட்கப்படுகிறது. கையெழுத்து இல்லாவிட்டால் அவருக்கு அறிவிக்கிறார்கள். அண்மையில் விவாகரத்தோ பிரிவோ நடந்ததா, வேலை போனதா, மனச்சோர்வு இருந்ததா என்றும் கேள்விகள் வருகின்றன. இதை வாசித்துக் காட்டியபோது எங்கள் பெண்களில் ஒருவர் சொன்னார்: "கள்ளன் வாறது வருசத்துக்கு ஒருநாள். வெறியில வாற மனுசன் கிழமைக்கு ஒருநாள். துவக்கு ரெண்டுபேருக்கும் பொதுத்தானே?"

அவர் யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தில் கொஞ்சநேரம் ஒருவரும் பேசவில்லை. எங்கள் சமூகத்தில் எந்தெந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், தெரியாததுபோல் இருக்கிறோம். வேலை போய், வழக்கு நிராகரிக்கப்பட்டு, மனைவி பிள்ளைகள் ஊரில் இருக்கத் தனி அறையில் கிடந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களையும் அறிவோம். கனடாவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பெரும்பான்மையானோர் கள்ளனால் சுடப்பட்டவர்களல்லர். தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். விண்ணப்பத்தில் அந்தக் கேள்விகள் ஏன் இருக்கின்றன என்று அன்று விளங்கியது.

அடுத்தது, அந்த இரவு உண்மையாகவே வந்தால் என்ன செய்வது? சட்டப்படி துவக்கு வெறுமையாக இருக்கவேண்டும். பூட்டுப் போட்டிருக்கவேண்டும், அல்லது பூட்டிய பெட்டியில் வைத்திருக்கவேண்டும். தோட்டாக்களும் கைக்கெட்டாதபடி, அல்லது பூட்டுக்குள் இருக்கவேண்டும். இரவு இரண்டு மணிக்குத் திறப்பைத் தேடி, இருட்டில் தோட்டா ஏற்றி முடிய, கள்ளன் வேலையை முடித்துப் போயிருப்பான். திறந்து தலைமாட்டில் வைத்தால் பிள்ளைகள் எடுக்கலாம். அதோடு கவனயீனமாக வைத்திருந்தது என்று வழக்கும் வரும். இன்னுமொன்று, எங்கள் வீட்டுச் சுவர்கள் வெறும் ஜிப்ரொக் பலகை. பெரிய சன்னங்கள் அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். அடுத்த அறையில் எங்கள் பிள்ளைகள்.

சுட்டபின் வருவது அதைவிடப் பெரிது. கனடாவின் குற்றவியற் சட்டம் 34 ஆம் பிரிவில் தற்காப்பை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் செய்த காரியம் அந்தச் சூழ்நிலைக்கு நியாயமானதா என்று நீதிமன்றம் எடைபோடும். ஒன்ராறியோவில் ஹமில்ரனுக்கு அருகே 2016 மாசியில், விடியற்புறம் தன் வாகனத்தை யாரோ குடைவதைக் கண்ட ஒருவர் சொட்கண்ணோடு வெளியே போய்ச் சுட்டார். சுடப்பட்டவர் கையில் துப்பாக்கி இருக்கவில்லை, அவர் இறந்தார். சுட்டவரை ஜூரிகள் முதலில் விடுதலை செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 இல் மறுவிசாரணைக்குத் தீர்ப்பாகி, 2022 இல் கைமோசக் கொலைக் குற்றவாளி என்று முடிந்தது. ஏறக்குறைய ஏழு வருடம் வழக்கு, அதன்பின் சிறை.

எங்களுக்கு அருகே புறோசாட்டில் 2007 பங்குனியில் வேறொரு விதமாக நடந்தது. விடியமுன் கதவை உடைத்து வந்தவர்களைக் கள்ளர் என்று எண்ணி வீட்டுக்காரர் சுட்டார். வந்தவர்கள் பொலிசார். ஒரு பொலிஸ்காரர் இறந்தார். வீட்டுக்காரரின் மனைவியும் காயப்பட்டார். அடுத்த வருடம் ஜூரிகள் கொலைக்குற்றத்திலிருந்து அவரை விடுவித்தார்கள். விடுதலை கிடைத்தாலும் இறந்தவர் எழும்பி வரவில்லை.

கதவுக்கு வெளியே நிற்பவர்கள் எங்கள் பிள்ளைகளாகவும் இருக்கலாம். 1992 ஐப்பசியில் அமெரிக்காவின் லூசியானாவில், யொஷிஹிரோ ஹற்றோரி என்ற பதினாறு வயது யப்பானிய மாணவன் விருந்துக்குப் போக விலாசம் மாறி வேறொரு வீட்டு மணியை அடித்தான். துப்பாக்கியோடு வந்த வீட்டுக்காரர் "நில்" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அந்தச் சொல் பையனுக்கு விளங்கியிராது என்று பலரும் சொன்னார்கள். சுட்டவர் குற்றவாளியல்ல என்று தீர்ப்பு வந்தது. விலாசம் மாறித் தட்டாத அகதி யார்? பிரெஞ்சுமொழி தெரியாத எங்கள் அம்மாமார் எத்தனை கதவுகளைத் தட்டியிருப்பார்கள்!

குடியுரிமை எடுக்காதவர்களுக்கு இன்னுமொரு ஆபத்து. பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் தீர்க்கப்பட்டாலும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தாலும், நிரந்தர வதிவிட உரிமையே பறிபோகலாம். அனுமதி இல்லையென்று தெரிந்துகொண்டே துவக்கு வைத்திருப்பதற்குப் பத்து வருடம் வரை தண்டனை உண்டு. "தெரிந்த பெடியனிடம் களவாக மலிவாக எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த நாட்டை ஒரு துவக்குக்காக இழக்கலாமா?

இறுதியாக அந்த வயோதிபத் தாய் பேசினார். கிளிநொச்சிப் பக்கம் அவர்கள் வயலில் கச்சேரி அனுமதியோடு ஒரு துவக்கு இருந்ததாம். இருபது வருடம் பன்றிக்கு மட்டுமே வெடித்ததாம். "எண்பதுகளில முதல் ஆக்கள் இரவில வந்து தட்டினது எங்கட படலையைத்தான். ஊரில எத்தனையோ வீடு கிடக்க, துவக்கு இருக்கிற வீடு எதெண்டு அவைக்குத் தெரியும். அதுகளைக் குடுத்தாப்பிறகு ஆமி வந்து, ஏன் குடுத்தனீங்கள் எண்டு அடிச்சான்" என்றார். துவக்கு வீட்டைக் காத்ததா, வீடு துவக்கைக் காத்ததா என்று எங்களுக்குச் சந்தேகமாகிவிட்டது.

வேட்டையிலே விருப்பமுள்ளவர்கள் சட்டப்படி படித்து, வாங்கி, பூட்டி வைக்கட்டும். அதில் எங்களுக்குக் குறையில்லை. வீட்டுக் காவலுக்கு மட்டும் அது வேண்டாமென்று நாலு குடும்பமும் ஒருமனதாக முடிவெடுத்தோம்.

சீட்டுக் காசில் செய்தவை இவை. கியூபெக்கில் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் இருவரும் சம்மதிக்காமல் பூட்டை மாற்றக்கூடாது. ஆகையால் எழுத்தில் கேட்டு, இரண்டாம் கடிதத்துக்குப் பிறகு சம்மதம் பெற்றோம். முன், பின் கதவுகளுக்குப் பலமான பூட்டுப் போட்டு, நிலையிலுள்ள தகட்டை மூன்று அங்குல ஆணிகளால் முறுக்கினோம். பின்படிக்கட்டில் ஆள் அசைந்தால் எரியும் விளக்குப் பூட்டினோம். நகைகளைப் படம் பிடித்துவிட்டு வங்கிப் பெட்டகத்தில் வைத்தோம். வாடகைக் குடியிருப்பு இன்சூரன்ஸ் எடுத்தோம்; நகைக்கு அதில் எல்லை உண்டு, கேட்டு எழுதுவியுங்கள். நாலு வீட்டுத் தொலைபேசி இலக்கங்களையும் கதவோரம் ஒட்டினோம். இரவில் ஒரு வீட்டில் சுவரைத் தட்டினால் மற்ற மூன்று வீட்டிலும் விளக்கு எரியவேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தத் தாய்க்கு 911 அழுத்தவும் எங்கள் விலாசத்தைப் பிரெஞ்சில் சொல்லவும் பேரப்பிள்ளைகள் பழக்கியிருக்கிறார்கள். இத்தனைக்கும் ஒரு மலிவுத் துவக்கும் அதன் பூட்டும் வகுப்பும் பெட்டியும் சேர்ந்த செலவு ஆகவில்லை.

பயம் முற்றாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டோம். ஆனால் தனியே பயப்படுவதற்கும் நாலு வீடு சேர்ந்து விழித்திருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வாசகர்களே, உங்கள் கட்டடத்தில் அடுத்த கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வார இறுதியில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். அதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை.