சட்டைப்பையில் குளுக்கோஸ்

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர். சர்க்கரை 220 என்று தெரிந்த நாளிலிருந்து மெரினாவில் நடை. அன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டார். நடந்துவிட்டு வந்து சாப்பிட்டால் இன்னும் குறையுமே என்று ஒரு கணக்கு.

உழைப்பாளர் சிலையைத் தாண்டியதும் கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்தது. வியர்த்தால் நல்லதுதானே என்று இன்னும் வேகமாக நடந்தார்! கண் இருட்டிய பிறகுதான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போதும், "சக்கரை போடாம ஒரு டீ" என்றார்.

டீக்கடைக்காரரின் அம்மாவுக்கும் சர்க்கரை. பார்த்ததும் புரிந்துவிட்டது. "சார், முதல்ல இதைக் குடிங்க" என்று மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி நீட்டினார். கால் மணி நேரத்தில் தெளிந்தது.

டாக்டர் திட்டினார். எல்லா சர்க்கரை மாத்திரையும் இப்படித் தடாலென்று இறக்காது. அவருடையது இறக்குகிற ரகம். கூடவே நடையும் சேர்ந்துகொண்டது. 70-க்குக் கீழே போனால் ஆபத்து. இனி மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் நடை.

விசில் இருந்த சட்டைப்பையில் இப்போது குளுக்கோஸ் பொட்டலம். காலில் செருப்புக்குப் பதில் ஷூ. டீக்கடையில் மட்டும் மாற்றமில்லை:

"சக்கரை போடாம ஒண்ணு."